நான் பிடுங்கி வைத்த பந்துகள்



நேற்று பேரன் யூடியூபில் ஒரு பழைய மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்துவிட்டேன். 2020 டிசம்பர் 2, கான்பெரா. ஆஸ்திரேலியாவுடன் மூன்றாவது ஒருநாள் போட்டி. முதல் இரண்டிலும் தோற்று, தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அன்றுதான் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். லபுஷேன் பௌல்டு, முதல் விக்கெட்! 13 ரன்னில் ஜெயித்தோம்.

வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் அவரைக் கூட்டிப் போனார்கள். வருண் சக்கரவர்த்திக்குக் காயம் என்றதும் டி20 அணியில் இடம் கிடைத்தது. மூன்று ஆட்டத்தில் 6 விக்கெட். தொடர் 2-1 என்று நமக்கு. தொடர் நாயகன் விருது வாங்கிய ஹர்திக் பாண்டியா, அதை நடராஜன் கையில் கொடுத்துவிட்டார். பிறந்த மகளை அதுவரை அவர் நேரில் பார்த்திருக்கவில்லை.

டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர் அவர். என் வகுப்பில் எத்தனை டென்னிஸ் பந்துகளைப் பிடுங்கி டிராயரில் பூட்டியிருப்பேன்! "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறேன். இடது கையில் வேகமாகப் போடும் ஒரு பையனை, அவன் அப்பாவிடம் சொல்லி அடி வாங்க வைத்தேன். அதற்குப் பிறகு அவன் மைதானம் பக்கமே வரவில்லை. நடராஜனுக்கு ஜெயப்பிரகாஷ் என்று ஊர் அண்ணன் ஒருவர் வாய்த்தார். அவனுக்கு நான் வாய்த்தேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒருநாள் வீட்டுக்கு வாப்பா. மன்னிப்புக் கேட்க வேண்டும்.