பெயர் எழுதாத மருந்து

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோயாளி உண்பதும் மருந்து. திராட்சைக் கொடிக்கு அடிப்பதும் மருந்து. தோட்டத்து மருந்தைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது என்பதை இங்குள்ள சிறுவனும் அறிவான். அந்த எளிய விதி மருத்துவமனைக்கும் பொருந்தும் என்பதை, பெரியப்பாவுக்குத் துணையாக மதுரைக்குச் சென்றபோது உணர்ந்தேன்.

பெரியப்பா திராட்சை விவசாயி. வயது 62. சிறிது தூரம் நடந்தாலே நெஞ்சை அடைக்கிறது என்றார். தேனியில் பார்த்த மருத்துவர், இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி மதுரையில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே செவிலியர் கேட்ட முதற்கேள்வி, “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?” என்பதுதான்.

பெரியப்பா மஞ்சள் பையைக் கவிழ்த்தார். எல்லாம் கத்தரித்த அட்டைகள். பெயர் அச்சான பகுதி கடைக்காரரிடமே தங்கிவிட்டது! “இது சர்க்கரைக்கு, இது பிரஷருக்கு” என்றவர், ஓர் அட்டையை மட்டும் மெல்லப் பைக்குள் தள்ளினார். செவிலியர் விடவில்லை. “அது ஒண்ணுமில்லம்மா, முழங்கால் வலிக்குக் கடையில கேட்டு வாங்குறது. ஒரு வருசமாப் போடுறேன்.”

அந்த ஒரு விடை பரிசோதனையையே தள்ளி வைத்தது. இரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருந்தது; வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தளர்த்தியிருக்கலாம் என்றார் மருத்துவர். அதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். “ஒரு மாத்திரைக்காகத் திருப்பி அனுப்புறாங்களேடா” என்று பெரியப்பா பேருந்தில் வழிநெடுகப் பொருமினார்.

படம் எடுப்பதற்கு மாத்திரைக் கணக்கு எதற்கு? வேதியியல் மாணவனாகிய எனக்கு எழுந்த ஐயம் இது. ஆசிரியர்களிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

எக்ஸ் கதிருக்கு இரத்தமும் தசையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே குழாய்களுக்குள் கதிரைத் தடுக்கும் பொருளைச் செலுத்த வேண்டும். அணு எண் 53 உடைய அயோடின் அதற்குப் பயன்படுகிறது. அந்த மருந்தை ‘டை’ என்கிறார்கள். பெயர்தான் சாயமேயன்றி, பார்வைக்குத் தண்ணீர் போன்றது. அது சிறுநீரகத்தின் வழியேதான் வெளியேறும். வலி மாத்திரையால் தளர்ந்த சிறுநீரகத்திற்கு அது கூடுதல் சுமை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ, சிறுநீரகம் தடைப்பட்டால் உடலில் தேங்கி, இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டிவிடும். ஆதலின் சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அதை நிறுத்தி, 48 மணி நேரத்திற்குப் பின் இரத்தம் பார்த்தே மீண்டும் தொடரச் சொல்கிறார்கள்.

நண்டு ஒவ்வாதவருக்கு இம்மருந்தும் ஒவ்வாது என்பார் உண்டு. அது சரியன்று. நண்டில் ஒவ்வாமை தருவது புரதமே, அயோடின் அன்று. ஆனால் முன்பு இதே மருந்து ஏற்றியபோது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், அதைச் சொல்லியே தீர வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு ஒரே நாளில் வந்ததன்று. 1927-இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் மூளையின் இரத்தக் குழாய்களை முதன்முதலில் படமெடுத்தார். பின்னர், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உள்ள தோரியம் தனிமத்தின் ஆக்சைடைக் கொண்டு ‘தோரோட்ராஸ்ட்’ என்ற மருந்து செய்தார்கள். படம் தெளிவாக விழுந்தது. மருந்தோ உடலை விட்டு அகலவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோயாக வெளிப்பட்டது. அயோடின் மருந்துகளிலும் அயனியாகப் பிரிபவை, பிரியாதவை என இரு வகை. பிரியாத வகைக்கு வழிகாட்டியவர் சுவீடன் நாட்டு டார்ஸ்டன் ஆல்மென். ஜப்பானில் 3,37,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்ட கணக்கின்படி, பழைய வகையில் 12.66 விழுக்காட்டினருக்கும் புதிய வகையில் 3.13 விழுக்காட்டினருக்கும் பக்கவிளைவு கண்டது.

மருந்து நல்லதாயிருந்தால் மட்டும் போதுமா? 2004-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், விர்ஜீனியா மேசன் மருத்துவமனையில் 69 வயது அம்மையார் ஒருவருக்கு மூளை இரத்தக் குழாயில் சிகிச்சை நடந்தது. மேசையில் ஒரே தோற்றமுடைய, பெயர் ஒட்டாத கிண்ணங்கள். ‘டை’ என்று எண்ணிக் கிருமிநாசினியை இரத்தக் குழாயில் செலுத்திவிட்டார்கள். அவர் உயிர் பிழைக்கவில்லை. மருத்துவமனை அதை மறைக்காமல் ஊரறியச் சொன்னது. நிறமற்ற நீர்மங்கள் அருகருகே இருக்கும்போது, பெயர்ச்சீட்டு ஒன்றே உயிர்வேலி.

மறு வாரம் கிரியாட்டினின் இறங்கியிருந்தது. குறைந்த அளவு ‘டை’ செலுத்தி, மணிக்கட்டு வழியாகப் பரிசோதனை முடிந்தது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். “ஒடம்பெல்லாம் வெந்நி ஓடுன மாதிரி சூடு. ஆனா ஒவ்வொரு ஊசியிலயும் பேரு ஒட்டியிருந்துச்சுடா, வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் போட்டாங்க” என்றார். அடைப்பு சிறிதே, மாத்திரையே போதும் என்றார்கள். இரண்டு நாள் கழித்துக் கம்பத்தில் இரத்தம் பார்த்த பிறகே சர்க்கரை மாத்திரையைத் தொடர்ந்தார். வலி மாத்திரையை அடியோடு விட்டார்.

நண்பர்களே! மருத்துவமனை ஒட்டும் பெயர்ச்சீட்டு பாதிக் காவல்தான். மீதி நம் வீட்டு மாத்திரைப் பெட்டியில் இருக்கிறது. நம் பெற்றோரில் பலர் மாத்திரையை நிறத்தால் அறிவர், பெயரால் அறியார். படித்த பிள்ளைகள் நாம் எதற்கு இருக்கிறோம்? மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரின் பையில் வையுங்கள். கடையில் அட்டையைக் கத்தரிக்கும்போது, பெயருள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை.

— மூன்றாமாண்டு வேதியியல் மாணவன்