எட்டாத தூரத்தின் விலை

ஐப்பசி மாதத்தில் பார்வதி பள்ளத்தாக்கில் ஒரே செடிக்கு இரண்டு அறுவடை. பூவில் பிசின் ஊறும்போது ஒன்று, விதை முற்றித் தண்டு காய்ந்த பிறகு இன்னொன்று. முதல் அறுவடை நடக்கும் வயல்களை யாரும் எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. நான் போனது இரண்டாவதைப் பார்க்க. இமாச்சலப் பிரதேசத்தில் கஞ்சா வளர்ப்புக்கு அரசே வழி திறக்கப்போகிறது என்ற பேச்சு சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் செடியோடு பரம்பரையாகப் பிழைப்பவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கேட்க நினைத்தேன்.

குல்லு மாவட்டத்தில், பார்வதி ஆறு பியாஸில் கலக்கும் புந்தரில் இறங்கி, ஜரி வரை பேருந்து. அதற்குமேல் ஜீப், ஜீப்புக்கு மேல் கால். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இந்தச் செடியால் உலகமே அறிந்த மலானாவுக்கு அக்கம்பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் மேகவெடிப்பு வந்து மலானா நீர்மின் திட்டத்தின் தடுப்பணையை உடைத்து, சாலையையும் அரித்துக்கொண்டு போனது. அந்தக் காயம் இன்னும் மலைச்சரிவில் தெரிகிறது.

மரமும் கல்லும் அடுக்கிக் கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஆளை விட உயரமான கஞ்சாத் தண்டுகள் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எனக்கு வேலையைக் காட்டிய அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். எல்லோரையும் போல நானும் அவரை ‘அம்மாஜி’ என்றே கூப்பிட்டேன். காய்ந்த தண்டைக் குட்டைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். நாரைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும் பசை அழுகிக் கழன்றால்தான் உரிக்க முடியும். குளிர் முன்கூட்டியே இறங்கிவிட்டால் அழுகவும் நாளாகும். குட்டையோரம் நிற்க முடியாத நாற்றம். அம்மாஜிக்கு அது நாற்றமாகவே படவில்லை.

தண்டின் அடிமுனையை ஒடித்து, அங்கிருந்து பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கிறார். வெள்ளைக் குச்சி தனியாக, நார் நீளமாகத் தனியாக வந்துவிடுகிறது. குச்சி அடுப்புக்கு. நாரை அலசி, அடித்து, காயவைத்து, தொடையில் வைத்துத் திரித்தால் கயிறு. மாடு கட்ட, புல்கட்டு சுமக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கயிற்றைப் பின்னி அடித்தளம் ஆக்கி, மேலே வண்ணக் கம்பளி நூல் கோத்தால் ‘பூலா’ என்கிற காலணி. குளிருக்கு இதமானது, கல்தரையில் வழுக்காது. தேவதைக் கோயில் வளாகத்துக்குள் தோல் செருப்பு ஆகாது, இது ஆகும்.

நானும் உரித்துப் பார்த்தேன். என் கைக்கு நார் முழங்கை நீளத்திலேயே அறுந்து வந்தது. அம்மாஜியின் மருமகள் சிரித்தாள். “அவசரப்படாதீங்க பாய்ஜி. நீங்க இழுக்கக் கூடாது, அதுவா வரணும்” என்றார் அம்மாஜி.

ஒரு ஜோடி பூலாவின் அடித்தளத்துக்கே பல சாயங்காலங்கள் போய்விடுகின்றன. குல்லு கடைத்தெருவில் அதற்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். இதே செடியின் பூவை உள்ளங்கையில் தேய்த்து எடுக்கும் சரஸ் பத்து கிராம் ஆயிரக்கணக்கில் போகிறது. அரசு பேசும் சட்டபூர்வப் பாதை எது என்று பார்த்தால், இந்தச் சில நூறு ரூபாய்ப் பாதைதான்.

இதைச் சொன்னவர் நாற்பதைத் தாண்டிய ஒருவர். சரஸ் வழக்கில் சிறை இருந்துவிட்டு வந்தவர், இப்போது பூண்டும் ராஜ்மாவும் போடுகிறார். தேய்ப்பதும் கைவேலைதான் என்பது அவர் கட்சி. காலையிலிருந்து மாலை வரை நின்றபடி வேலை. வேகமாகத் தேய்த்தால் இலைத்துணுக்கு சேர்ந்து சரக்கு கெட்டுவிடும். நல்ல கைக்கு நாள் முழுக்கத் தேய்த்தாலும் கொஞ்சம்தான் சேரும். “பூலா பின்னுறவங்களுக்குக் கண்காட்சியில ஸ்டால் குடுக்கறாங்க, எங்களுக்கு ஜெயில். கை ரெண்டு பேருக்கும் அதே கைதானே?” என்றார். அவர் வாதத்தை நான் முழுக்க ஏற்கவில்லை. பூலா யாரையும் அடிமையாக்குவதில்லை. ஆனால் பள்ளத்தாக்குக்குள் பணம் வந்தது எந்தக் கைவழியாக என்பதில் அவரோடு சண்டை போட எனக்கு ஆதாரம் இல்லை. கீழே, சுற்றுலாக்காரர்கள் குவியும் கசோலில் வரிசையாக நிற்கும் காபிக் கடைகளைப் பார்த்தாலே போதும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்தச் செடியைத் துண்டுதுண்டாகப் பார்க்கிறது. பிசினும் பூத்த நுனியும் குற்றம். நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. ஆனால் உரிமம் இல்லாமல் செடியை நட்டால் பத்தாண்டு வரை சிறை. அம்மாஜியின் தண்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காத வரை அவர் கைவினைஞர். கேட்டால் பதில் சிக்கலானது. “தானா முளைச்சது” என்கிறார்கள். பாதிக்கு மேல் உண்மையும் அதுதான். வேலியோரம், சாணக்குழி ஓரம், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் என்று எங்கும் முளைத்துக் கிடக்கிறது. சரஸுக்குக் கணக்கு இன்னும் கறார்: 100 கிராம் வரை சிறிய அளவு, ஒரு கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குப் பத்திலிருந்து இருபதாண்டு வரை சிறை. வாங்கி அனுபவித்துவிட்டுப் போகிறவர் பெரும்பாலும் முதல் கணக்கில் வருவார். சுமந்து இறக்கும் மலைக்காரப் பையன் இரண்டாவதில் மாட்டுவான்.

அதே சட்டத்தின் 10ஆம், 14ஆம் பிரிவுகள் மருத்துவத்துக்கும் நார், விதைக்கும் செடி வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்கின்றன. 2018இல் உத்தராகண்ட் அந்தக் கதவைத் திறந்தது. இமாச்சலம் 2023இல் வருவாய்த்துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் குழு அமைத்தது; 2024 செப்டம்பரில் அதன் அறிக்கையைச் சட்டமன்றம் ஏற்றது; 2025 ஜனவரியில் மாதிரித் திட்டத்துக்கு அமைச்சரவை சம்மதித்தது. விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இலேயே வழிவிட்டிருந்தது. அம்மாஜி வீட்டில் கோதுமையோடு வறுத்துக் கொறித்த விதைக்கு நகரத்தில் ‘சூப்பர் ஃபுட்’ என்று பெயர். விலையும் அதற்கேற்ப.

முட்டுக்கட்டை 0.3 சதவீதத்தில் இருக்கிறது. நாருக்கு வளர்க்கும் செடியில் போதை தரும் டி.எச்.சி. அந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது உத்தராகண்ட் வைத்த எல்லை. இமயமலையின் நாட்டுச்செடி அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதற்காகத்தானே உலகம் இங்கே வந்தது. ஆக, வெளியிலிருந்து விதை வாங்க வேண்டும். வாங்கி விதைத்தாலும் இது காற்றில் மகரந்தம் பறக்கும் செடி. பக்கத்துச் சரிவில் தானாக முளைத்த ஆண்செடி சும்மா இருக்காது. இந்த ஆண்டு எடுத்த விதையை அடுத்த ஆண்டு நம்பிப் போட முடியாது. ஒவ்வொரு பருவமும் விதைக்குக் காசு, பரிசோதனைக்குக் காசு. எல்லை தாண்டினால் பயிர் அழிப்பு.

வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் உப்புத் தேநீரோடு நடந்த பேச்சில் இதையெல்லாம் அவர்கள் எனக்கு முன்பே போட்டுப் பார்த்திருந்தார்கள் என்று தெரிந்தது. சாதகமும் சொன்னார்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் இதைத் தொடுவதில்லை. பாசனம் வேண்டாம். மக்காச்சோளம் போட்டுக் குரங்குக்குப் படியளந்து சலித்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. பாதகம் நிலத்தில் இருந்தது. இமாச்சலத்தில் ஐந்து பிகா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அங்கே கூடியிருந்தவர்களில் பலரிடம் அந்த ஐந்து பிகாவும் ஒரே இடத்தில் இல்லை. மூன்று சரிவில் சிதறிக் கிடந்தது.

எனக்கு அங்கே உறைத்தது தூரம் பற்றிய கணக்கு. இத்தனை ஆண்டும் இந்த ஊரின் முதலீடே போலீஸ் ஜீப் எட்டாத உயரம்தான். ஏறிவர மூச்சு வாங்கும் பாதை சரக்கின் விலையில் சேர்ந்தே விற்றது. சட்டம் அனுமதித்த மறுநாள் அந்தப் பாதை லாரி வாடகையாகிவிடும். நார் கிராமில் விற்கும் பொருளல்ல. குவிண்டாலில் போக வேண்டியது. சமவெளியில் டிராக்டர் ஓடும் ஐம்பது ஏக்கரோடு, முதுகுச் சுமையாக இறக்கும் நார் எந்த விலையில் போட்டியிடும்? கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் மலைக்கிராமங்கள் செழிக்கும் என்று பேசுவோர் செடியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள், ஜீப் நின்றுபோகும் இடத்தை எடுப்பதில்லை.

மொராக்கோ இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 2021இல் அங்கே வந்த சட்டம், நாடு முழுவதற்கும் அனுமதி தரவில்லை. ரிஃப் மலைப்பகுதியின் அல் ஹொசைமா, ஷெஃப்ஷாவன், தாவுனாத் ஆகிய மூன்று மாகாணங்களில் மட்டும், அங்குள்ள விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வழியாக வளர்க்கலாம் என்றது. சமவெளிப் பண்ணையார் உள்ளே வர முடியாது. ‘பெல்தியா’ என்ற அவர்களுடைய நாட்டு ரகத்துக்கும் பின்னர் இடம் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் மன்னர் ஆறாம் முகம்மது, கஞ்சா வழக்குகளில் தண்டனை பெற்றும் தேடப்பட்டும் வந்த 4,831 விவசாயிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். ரிஃபில் கள்ளச்சந்தை இன்னும் இருக்கிறது, எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

திண்ணையில் இதைச் சொன்னபோது சிறை சென்று வந்தவர் மன்னிப்பு பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பழைய வழக்குகள் புதிய கொள்கையால் தானாக விழுந்துவிடாது, அரசு தனியாக முடிவெடுத்தால்தான் உண்டு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வார்டு உறுப்பினருக்கு அக்கறை வேறு. “அந்த மூணு மாகாணக் கோட்டை இங்க யாரு போடறது? சிம்லாவுலயா? போட்டா நாங்க கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?” என்று கேட்டார்.

மாதிரித் திட்டத்தை நடத்தும் பொறுப்பு பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்துக்கும் தரப்பட்டிருக்கிறது என்றேன். இரண்டும் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், லாரி நேராக வந்து நிற்கும் தார்ச்சாலையோரம் இருக்கின்றன. அவர் நௌனிக்கு ஒருமுறை ஆப்பிள் நாற்று வாங்கப் போயிருக்கிறாராம். “நல்ல இடம், சமதரை” என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார்.