ராத்தா கையெழுத்து வைத்த நாள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு என் வகுப்புப் பிள்ளை ஒருவனின் தாய் வந்தார். மகன் ஒழுங்காக வருகிறான் என்று ஒரு கடிதம் வேண்டுமாம், சிலாபம் கோட்டில் காட்ட. புருஷன் விட்டுப்போய் மூன்று வருஷம். கருவாடு காயப்போட்டு விற்றுத்தான் சீவியம். தாபரிப்பு வழக்கு நடக்கிறது. "விவாகரத்தும் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். எடுத்தா எனக்கு வார காசு நின்டுடுமாம். பிள்ளைக்கு மட்டும்தான் வரும். எனக்கும் வேணுமெண்டா மாவட்டக் கோட்டில வேறயாக் கேக்கோணுமெண்டு லோயர் சொன்னவர்."

கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது என் ராத்தாவின் நினைப்புத்தான். அந்தத் தாய்க்கு இதைச் சொல்ல ஒரு லோயராவது இருந்தார். ராத்தாவுக்கு நான்தான் இருந்தேன்.

இதை எழுதலாமா என்று ராத்தாவிடமே கேட்டேன். "எழுது, என்ட பெயரப் போடாத" என்றா.

பதினொரு வருஷக் குடும்பம். மச்சான் தலாக் என்று முடிவெடுத்துவிட்டார். நமது 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி முன்னால் லோயர் பேச முடியாது. வாப்பா மௌத்தாகிவிட்டார். நான் ஆசிரியர் கலாசாலையை முடித்து வந்த புதிது. படித்தவன் என்று என்னைக் கூட்டிப்போனார்கள்.

பிள்ளைகள் இருவருக்கும் மாதம் 6,000 என்றார் மச்சான். இழுபறிப்பட்டு 8,000 ஆனது. இத்தா மூன்று மாதத்துக்கு ஒரு தொகை. பிறகு காதியார், "வேற ஏதும் கேக்க இருக்கா?" என்றார். ராத்தா என் முகத்தைப் பார்த்தா. நான் சொன்னேன்: "இல்ல ஹஸ்ரத், முடிச்சுத் தாங்க." ராத்தா கையெழுத்து வைத்தா. மழை இருட்டிக்கொண்டு வந்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மஹராக வந்த இரண்டு பவுணை அடகு வைத்துத்தான் மச்சான் வெளிநாடு போனார். அது மூழ்கிப்போனது. மஹர் மனைவியின் சொத்து, வாங்கினால் கடன். நான் கேட்கவில்லை. வாப்பா காணி விற்றுக் கொடுத்த கைக்கூலியையும் கேட்கவில்லை. கைக்கூலியைத் திருப்பிக் கேட்க அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது, ஆனால் எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. கலியாண வீட்டில் எழுத்துக் கேட்டால் மரியாதைக் குறைவாம்!

மூன்றாவது, மதாஉ. தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு, கணவனின் வசதிக்கேற்பக் கொடுக்கவேண்டிய பொருள். இத்தாச் செலவு வேறு, இது வேறு. சூரா பகராவின் 236, 241 ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். நாம் ஷாஃபிஈ மத்ஹப் என்று சொல்லிக்கொள்கிறோம். குடும்பம் நடத்திய பின் கணவன் தானாகத் தலாக் சொன்னால் மதாஉ கட்டாயம் என்பதுதான் அந்த மத்ஹபின் நிலைப்பாடு. மலேசியாவும் ஷாஃபிஈ நாடுதான். அங்கே 1984 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்திலேயே இதை எழுதிவிட்டார்கள். நமது சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018 இல்தான் அறிக்கையைக் கையளித்தது. அதில் மதாஉவும் பேசப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் எத்தனை பெண்கள் கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்!

"விட்டவன்ட சல்லி நமக்கெதுக்கு" என்று நம் வீடுகளில் ரோஷம் பேசுவோம். நானும் பேசியவன்தான். ஆனால் ரோஷம் ஆம்பிளைகளுக்கு, தையல் மெஷின் ராத்தாவுக்கு. பிள்ளைகளின் காசும் ஏழாம் மாதம் நின்றுவிட்டது. திரும்பவும் காதியிடம் போய், அவர் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, தண்டப்பணம் போல அறவிட்டுத்தான் கைக்கு வந்தது. அந்த வழி இருப்பதுகூட அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

மச்சானைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கி அனுப்புவார். கேட்டிருந்தால் ஒருவேளை தவணையாகத் தந்திருப்பார். கேட்கவில்லையே.

மதாஉ பற்றி ராத்தாவிடம் சொன்னபோது மெஷினை நிறுத்தவில்லை. "அண்டைக்கு நான் ஒன்ட மொகத்தப் பாத்தது அதுக்குத்தான் தம்பி. பேரு தெரியா. ஏதாவது கேப்பாய் எண்டு நெனச்சேன்" என்றா.

யார் வீட்டிலாவது இப்படி ஒரு விஷயம் இருந்தால், காதியிடம் போகுமுன் மஹர், கைக்கூலி, இத்தா, மதாஉ, பிள்ளைகளின் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வழங்குவதும் வழங்காததும் அவர் தீர்ப்பு. எழுத ஆள் இல்லையென்றால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னிடம் வாருங்கள். பிந்திய பஸ்ஸில் போய்க்கொள்வேன்.