25 வோல்ட் இருந்தும்

அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 லாரிக்குச் சாவி கிடையாது. டாஷ்போர்டில் மெயின் சுவிட்சைத் திருப்பிவிட்டுப் பட்டனை அழுத்தினால் செல்ஃப் எடுக்க வேண்டும். வியட்நாம் போர்க் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் படையில் உழைத்து, பிறகு ஏலத்தில் தனியார் கைக்கு வந்த இந்த இரண்டரை டன் வண்டிகளை இன்றும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைப் படுத்தும் கோளாறுகளில் ஒன்று, பட்டனை அழுத்தும்போது ‘டக்’ என்ற ஒரே சத்தத்தோடு எல்லாம் நின்றுபோவது. மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தால் 25 வோல்ட் காட்டும். செல்ஃப் மோட்டாருக்கு வரும் கேபிளின் முனையில் வைத்தாலும் அதே 25. கரண்ட் வந்து சேர்கிறது, ஆகவே மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி அதைக் கழற்றிவிடுகிறார்கள். இது அவசரத் தீர்ப்பு என்பது என் கட்சி. பழைய ராணுவ லாரியில் இந்தக் கோளாறை முதலில் தேட வேண்டிய இடம் பாகங்கள் அல்ல, ஒரு பாகம் இன்னொன்றோடு சேரும் இணைப்புகள். அந்தக் கோளாறு பிடிபடுவதும் பட்டன் அழுந்தியிருக்கும் சில நொடிகளில் மட்டும்தான்.

காரணம் எளிது. மல்டிமீட்டர் வோல்ட்டை அளக்கும்போது ஏறக்குறைய கரண்டே இழுப்பதில்லை. கேபிளின் செப்பு இழைகளெல்லாம் பச்சை பூத்து உதிர்ந்து ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்கு அது தாராளம். செல்ஃப் மோட்டார் கேட்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். 300 என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஏதோ ஓர் இணைப்பில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை கூடியிருந்தால் அங்கேயே 3 வோல்ட் தொலைந்துவிடும். அந்த இடத்தில் 900 வாட் வெப்பமாகப் போகும். இவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் பார்க்கவும் முடியாது. மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிடத் தடை அதிகம். படுக்க வைத்து எடுத்த இசிஜி ஒழுங்காக இருந்தும், டிரெட்மில்லில் ஓடவிட்ட பிறகே இதயத்தின் அடைப்பு தெரியவருவதைப் போன்ற விஷயம் இது.

இந்த வண்டிகளில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜிஎம்சி லாரிகளும் ஜீப்புகளும் 6 வோல்ட்டில் ஓடியவை. போருக்குப் பின் வந்த எம் வரிசை வண்டிகளில் ராணுவம் 24 வோல்ட்டை நிலையாக்கியது. அதே சக்திக்கு 12 வோல்ட் வண்டியைவிடப் பாதிக் கரண்ட் போதும். இணைப்பில் இழக்கும் வோல்ட்டும் பாதியாகும். மொத்த வோல்ட்டோடு ஒப்பிட்டால் இழப்பின் பங்கு கால்வாசிதான். இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் மோசமான இணைப்புகளை 24 வோல்ட் நெடுநாள் மன்னித்துவிடுகிறது. 12 வோல்ட் கார் முனகிக் காட்டிக்கொடுக்கும் துரு, இந்த லாரியில் வருஷக்கணக்காக வெளியே தெரியாமல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு குளிர்காலக் காலையில் எஞ்சின் ஆயில் தடித்து, பேட்டரியும் கொஞ்சம் சோர்ந்திருக்கும்போது, சேர்ந்த கடனெல்லாம் ஒரே நாளில் வசூலுக்கு வரும். ‘நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது’ என்பதால் ஏதோ ஒரு பாகம் திடீரென்று செத்துவிட்டது என்று நினைப்பது அதனால்தான் ஏமாற்றுகிறது.

அளக்கும் முறை கடினமில்லை. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். கியரில் கிடந்தால் ஏறக்குறைய ஆறு டன் வண்டி செல்ஃபின் பலத்திலேயே நகர்ந்துவிடும். எஞ்சினை நிறுத்தும் கைப்பிடியை இழுத்து வைத்தால் டீசல் போகாது. செல்ஃப் மட்டும் சுற்றும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயப் போஸ்டிலேயே வைக்க வேண்டும், கிளாம்பில் அல்ல. கிளாம்புக்கும் போஸ்டுக்கும் நடுவில்தான் கோளாறு ஒளிந்திருக்கலாம். மறுமுனை செல்ஃப் டெர்மினலில். பட்டனை அழுத்தும்போது மீட்டர் காட்டுவது அந்தப் பாதை தின்றுவிட்ட வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கத்தை மறந்துவிடலாம். ‘டக்’ சத்தம் மட்டும் கேட்டு, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலனாய்டின் இரண்டு பெரிய டெர்மினல்களுக்கு நடுவே முழு வோல்ட்டும் நின்றால், உள்ளே இருக்கும் செப்புத் தட்டு கருகிவிட்டது என்று அர்த்தம்.

பலர் மறந்துவிடுவது எர்த் பக்கம். நெகட்டிவ் போஸ்டுக்கும் செல்ஃப் மோட்டாரின் உடலுக்கும் இடையில் அதே சோதனையைச் செய்தால் ஆச்சரியங்கள் காத்திருக்கும். போகிற கரண்ட் முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மவுண்டுகளின் மேல். ஆகவே எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பின்னல் பட்டை, அங்கிருந்து பேட்டரிக்கு ஒரு கேபிள் என்று கரண்ட் சுற்றி வருகிறது. ராணுவ டெப்போவில் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள். அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், கேபிளின் வளையத்துக்கு அடியில் பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து வரும். அதற்குக் கீழே காப்பிப்பொடி நிறத்தில் துரு. நடுவில் போல்ட்டின் மரை தொட்ட ஒரு சின்ன வட்டம் மட்டும் பளபளக்கும். 300 ஆம்பியரும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வீடு திரும்பியாக வேண்டும்.

பேட்டரியிலும் ஓர் ஏமாற்று உண்டு. 24 வோல்ட் என்பது தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். செல்ஃப் சுற்றும்போது மொத்தம் 18 வோல்ட் என்றால் இரண்டும் 9 என்று பொருளல்ல. ஒன்று 11, மற்றது 7 ஆக இருக்கலாம். தனித்தனியாக அளக்காவிட்டால் நல்லதையும் சேர்த்துத் தூக்கி எறிவோம். தனியார் கைக்கு வந்தபின் பாட்டுக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் வழக்கம் இதை வளர்க்கிறது. அந்தப் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும். மற்றது தேவைக்கு மேல் சார்ஜாகி வேகும்.

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனுக்குச் சத்தமே போதும், மீட்டர் எதற்கு என்று கேட்பார்கள். சத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எதுவும் கேட்காவிட்டால் பட்டன், சுவிட்ச், அவற்றின் மெல்லிய வயர் பக்கம் போகலாம். ‘டக டக டக’ என்று துடித்தால், சோலனாய்டு பிடித்த மறுகணமே வோல்ட் சரிந்து விட்டுவிடுகிறது என்று தெரியும். ஆனால் அந்தச் சரிவு பேட்டரியிலா, கேபிளிலா, எர்த்திலா என்பதை எந்தக் காதும் பிரித்துச் சொல்லாது.

மோட்டாரை மாற்றினோம், வண்டி எடுத்துவிட்டது, பிறகென்ன வாதம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. எடுத்தது உண்மை, ஆனால் எதனால் எடுத்தது? மோட்டாரைக் கழற்ற வேண்டுமென்றால் கேபிள்களைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது டெர்மினலைத் தேய்த்து, நட்டை இறுக்கி, சுத்தமான உலோகத்தில் புது மோட்டாரை உட்கார வைக்கிறோம். மூன்று இணைப்புகள் தற்செயலாகச் சீராகின்றன. பெயர் புது மோட்டாருக்குப் போகிறது. போஸ்டிலோ சேசிஸிலோ உள்ள மூலக் கோளாறு அப்படியே இருந்தால், புது மோட்டாரும் குறைந்த வோல்ட்டில் மெதுவாகச் சுற்றி, சூடேறி, சோலனாய்டின் தட்டைக் கருக்கிக்கொண்டு அதே கதிக்கு வரும்.

ராணுவமே பாகத்தை மாற்றித்தானே வேலை பார்த்தது என்றும் சொல்லலாம். போர்முனையில் அது நியாயம்; அங்கே கிடங்கு நிறைய உதிரிப் பாகம், நேரம்தான் இல்லை. ஆனால் அந்த ராணுவமே பணிமனைகளுக்கு ‘எஸ்டிஇ/ஐசிஇ’ (STE/ICE) என்ற சோதனைப் பெட்டியைத் தந்தது. அதைச் செருகுவதற்கென்றே பல வண்டிகளில் தனி இணைப்பான் வைத்தது. பேட்டரியின் உள்தடை, செல்ஃப் சுற்றின் தடை, நெகட்டிவ் கேபிளில் விழும் வோல்ட் ஆகியவற்றை அது தனித்தனியாக அளந்தது. கிடங்கு நிறையப் பாகம் வைத்திருந்தவர்களுக்கே எர்த் கேபிளுக்கென்று ஒரு சோதனை தேவைப்பட்டிருக்கிறது.

எல்லாக் கோளாறும் இணைப்பில்தான் என்று நான் சாதிக்கவில்லை. 1980-களில் வந்த எம்1008 பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: செவர்லே வண்டிக்கு ராணுவ வேஷம். செல்ஃப் 24 வோல்ட், விளக்கும் மற்றவையும் 12 வோல்ட், ஆல்டர்னேட்டர் இரண்டு. அதில் செல்ஃப் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தபிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருப்பது பேர்பெற்ற கோளாறு. அங்கே ரிலேயை மாற்றுவதே சரி. சில வேளை கோளாறு மின்சாரத்திலேயே இருக்காது. எம்35ஏ2-வின் மல்டிஃப்யூல் எஞ்சினுக்கு அமுக்க விகிதம் 22-க்கு 1. சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ இறங்கியிருந்தால் எஞ்சின் அசையவே அசையாது. ‘டக்’ என்ற அதே சத்தம்தான் கேட்கும். கேபிள்களில் விழும் வோல்ட்டும் பேட்டரிகளும் சரியாக இருந்து, மோட்டாருக்கு முழு பலத்தோடு கரண்ட் போயும் சுற்றவில்லையென்றால், எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் இன்னொரு லாரியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இந்த டீசல் எஞ்சினுக்கு மின்பொறி தேவையில்லை, ஆகவே யோசனை பலிக்கக்கூடியதுதான். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் மட்டும் அந்த இழுப்பில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.