ஷெரிஃப் என்ன வேலை செய்வார்?

போன மாதம் எங்கள் இரவுப் பாடசாலையில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "அண்ணா, நாம சிறுத்தைன்னு சொல்றோமே, அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சு?" பம்பாயிலிருந்து என்றேன். 1972இல் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜெ.வி. பவார் போன்றவர்கள் தொடங்கிய தலித் பாந்தர்ஸ். அங்கிருந்து மலைச்சாமி வழியாக மதுரைக்கு வந்தது. "பம்பாய்க்காரங்களுக்கு எப்படி வந்துச்சு?" அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்துக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து, 1966. "சரி, அவங்களுக்கு?" அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஓக்லாந்து இளைஞர்கள் அந்தச் சின்னத்தை ஒரு பட்டிக்காட்டிலிருந்துதான் எடுத்தார்கள். அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, ஆனால் மிகச் சிறியது. அன்று அங்கே மொத்தம் சுமார் 15,000 பேர். பருத்திக் காடு. ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள், பெரும்பாலும் வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ, உயிரோடிருக்கும் ஆட்களைவிடப் பெயர்கள் அதிகம்!

அந்த மார்ச் மாதம் ஜான் ஹியூலெட் என்பவரும் அவரோடு சிலரும் ஹெய்ன்வில் நீதிமன்றத்துக்குப் பெயர் பதியப் போனார்கள். முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீண்டும் போனார்கள். ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது, மத்திய அரசின் அதிகாரிகளே நேரில் வந்து பெயர்களைப் பதிந்தார்கள். அதே மாதம் 20ஆம் தேதி, போராட வந்த ஜொனாதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இளைஞர் ஹெய்ன்வில் கடைவாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். முழுக்க வெள்ளையரே அமர்ந்திருந்த ஜூரி கொலையாளியை விடுதலை செய்தது. பெயர் பதிந்த குத்தகைக் குடும்பங்களை நிலக்காரர்கள் வெளியேற்றினார்கள். போக்கிடமில்லாத குடும்பங்கள் 80ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டு இரண்டரை ஆண்டு வாழ்ந்தன. இரவில் கூடாரங்களை நோக்கிச் சுடுவார்கள். ஒரு ஓட்டுக்காக.

இதை வகுப்பில் சொன்னபோது யாரும் பேசவில்லை. எங்கள் ஊரிலும் ஓட்டுப் போட்ட மறுநாள் வேலைக்குக் கூப்பிடாமல் விட்ட கதைகள் உண்டு.

ஆனால், தோழர்களே, நான் சொல்ல வந்தது இந்தத் தியாகத்தை இல்லை. அதற்கு அடுத்து அவர்கள் செய்த வேலையை.

ஓட்டு கிடைத்துவிட்டது, யாருக்குப் போடுவது? அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் சேவல், அதன் மேல் வெள்ளையர் மேலாதிக்கம் என்றே எழுதியிருந்தது. போதாததற்கு அந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் நிற்கும் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 ஆக்கினார்கள். அதனால் ஹியூலெட்டும் மாணவர் அமைப்பிலிருந்து வந்த ஸ்டோக்லி கார்மைக்கேலும் மற்றவர்களும் சொந்தக் கட்சி கட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் கட்சிக்குப் படம் ஒன்று கட்டாயம். கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்த படத்துக்கு மாதிரி, அட்லாண்டாவில் இருந்த ஒரு கறுப்பர் கல்லூரியின் விளையாட்டுச் சின்னம். நாம் நெஞ்சில் குத்திக்கொள்ளும் சின்னத்தின் பூர்வீகம் இதுதான்.

கட்சி தொடங்கியதும் மாணவர்கள் படக்கதை போலச் சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சிட்டார்கள். ஷெரிஃப் என்ன வேலை செய்வார்? நிலத்துக்கு வரி மதிப்பிடும் அதிகாரி என்ன செய்வார், அதைக் குறைத்துப் போட்டால் லாபம் யாருக்கு? பள்ளி வாரியத்தின் கையில் என்ன இருக்கிறது? அங்கே இவை எல்லாமே மக்கள் ஓட்டுப் போட்டு நிரப்பும் பதவிகள், போலீஸ் தலைவரான ஷெரிஃப் உட்பட. அதுவரை அந்த மக்களுக்கு ஷெரிஃப் என்றால் தடியும் துப்பாக்கியும்தான். அவருக்கும் சட்டத்தில் ஒரு வேலைப் பட்டியல் உண்டு, அதை நம்மில் ஒருவரே செய்யலாம் என்பதைச் சமையலறையிலும் தேவாலயத்திலும் உட்கார்ந்து படித்தார்கள். நிலவரி அதிகாரி பதவிக்கு நின்ற ஆலிஸ் மூர், பணக்காரனிடம் வரி வாங்கி ஏழைக்குச் சோறு போடுவதுதான் தன் கொள்கை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு! பதவி எதற்கு என்று தெரிந்தவர் நீளமாகப் பேச வேண்டியதில்லை.

அந்தப் புத்தகங்களைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு என் சித்தி ஞாபகம்தான் வந்தது. தனித்தொகுதி என்பதால் சித்தி ஊராட்சித் தலைவரானார். தீர்மானப் புத்தகம் மட்டும் பழைய தலைவர் வீட்டிலேயே இருந்தது. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் யார் ஆள் என்று உங்களுக்கே தெரியும். ஒருநாள் ராத்திரி சித்தி ஒரு காகிதத்தை நீட்டி, "டேய் தம்பி, இதுல என்னடா எழுதியிருக்கு? கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். நான் அப்போது பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு. படித்துப் பார்த்தேன், எனக்கும் புரியவில்லை. தேர்தலில் சித்திக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவன் நான். தலைவர் என்ன வேலை செய்வார் என்று அவருக்கும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

லவுண்ட்ஸ்காரர்களும் எடுத்த எடுப்பில் ஜெயிக்கவில்லை. 1966 மே 3இல் ஹெய்ன்வில் தேவாலயம் ஒன்றில் கூடி ஏழு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பர் 8இல் ஏழு பேரும் தோற்றார்கள். நிலக்காரர்கள் தங்கள் கூலியாட்களை வண்டியில் ஏற்றிவந்து, இன்னாருக்குப் போடு என்று சொல்லிப் போட வைத்தார்கள். ஆனாலும் சட்டப்படி கட்சியாக அங்கீகாரம் பெறத் தேவையான 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1970இல், ஹியூலெட் ஷெரிஃப் ஆனார். பதிவு செய்யப் போய்த் திரும்பிய அதே ஹெய்ன்வில்லில் 22 ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். கறுப்பர்கள்மேல் போலீஸ் கைவைப்பது பெரும்பாலும் நின்றது. இது சின்ன விஷயம் இல்லை.

இங்கேயே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும், கைதட்டல் கிடைக்கும். ஆனால் மாணவி, "இப்ப அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

இப்போது அங்கே பல வீடுகளின் கழிப்பறைக் குழாய் நேராகக் கொல்லைப்புறத்தில் போய்த் திறக்கிறது. மழை பெய்தால் மலம் வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் ஒவ்வொரு வீடும் சொந்தச் செலவில் கழிவுத் தொட்டி வைக்க வேண்டும். அங்கிருப்பதோ நீரை உறிஞ்சாத களிமண், அதற்கேற்ற தொட்டிக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். வைக்காவிட்டால் மாநிலச் சட்டப்படி குற்றம். அந்த மண்ணில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இதை வெளியே கொண்டுவரப் பல ஆண்டு அலைந்தார். 2023 மே மாதம் மத்திய நீதித்துறை அலபாமா சுகாதாரத் துறையோடு ஓர் உடன்பாடு போட்டது: இதற்காக மக்களைத் தண்டிக்கக் கூடாது, தொட்டி வைக்க வழிசெய்ய வேண்டும். 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்த உடன்பாட்டை ரத்து செய்தது. இனச் சமத்துவம் பேசும் திட்டம் என்பதுதான் காரணமாம்.

கவுண்டி பதவிகளில் கறுப்பர்கள் உட்கார்ந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் 1966இல் பெரும்பகுதி நிலம் ஒரு சில வெள்ளைக் குடும்பங்களிடம் இருந்தது, ஓட்டு அதைப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஏழை ஊரில் வசூலாகும் வரியும் சொற்பம். கழிவுத் தொட்டிக்கான சட்டம் மாநிலத்தின் கையில், பெரிய பணம் வாஷிங்டன் கையில். ஷெரிஃப் நம் ஆள்தான், ஆனால் சாக்கடை ஷெரிஃபின் வேலைப் பட்டியலில் இல்லை.

"அப்போ நம்ம காலனி சாக்கடை யாரோட வேலை, அண்ணா? தலைவரா, பீடிஓவா?" என்றாள்.

தெரிந்த மாதிரி ஏதோ சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சித்தி நீட்டிய காகிதம் நினைவுக்கு வந்தது. ஊராட்சிச் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதைத்தான் பிரிக்கப் போகிறோம். இப்போது ஊராட்சியில் இருக்கும் கணக்குகளின் நகலைக் கேட்டு ஒரு மனுவும் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். சித்தியும் வருகிறேன் என்றிருக்கிறார்.