விண்மீன் சொன்னதும் வாயு கேட்டதும்

எக்ஸ் கதிர் வானியலில் ‘இந்த ஒளித்துகளின் ஆற்றல் இவ்வளவு’ என்று எழுதுவது எளிது. ஆயினும் வாயு நிரப்பிய உணர்கருவி எதுவும் ஆற்றலை நேரே அளப்பதில்லை. அது அளப்பது ஒரு மின்துடிப்பின் உயரத்தை மட்டுமே. ஆற்றலுக்கும் அந்த உயரத்துக்கும் இடையிலான உறவையே கருவியின் ‘மறுமொழி’ என்பர். பொருத்தமான சொல்தான். கேள்வி ஒன்றேயாயினும் மறுமொழி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை.

செனான் வாயுவில் ஓர் எலக்ட்ரான்-அயனி இணையை உண்டாக்கச் சராசரியாக 22 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. ஆகவே 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஒளித்துகள் ஏறத்தாழ 270 இணைகளைத் தரும். அந்த எண்ணிக்கையே முறைக்கு முறை சற்று மாறும். நேர்மின் கம்பியருகே எலக்ட்ரான்கள் பெருகும்போது அம்மாறுபாடு மேலும் விரியும். கூரிய கோடாக வந்த ஆற்றல், அகன்ற மேடாகப் பதிவாகிறது.

இதனினும் சிக்கலானது வேறொன்று உண்டு. 34.56 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஒளித்துகள், செனான் அணுவின் கே கூட்டிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்ற வல்லது. அந்த இடம் நிரம்பும்போது, பெரும்பாலும் ஏறத்தாழ 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய புதிய எக்ஸ் கதிர் பிறக்கிறது. அது வாயுவை விட்டுத் தப்பினால், அவ்வளவு ஆற்றலும் கணக்கில் குறையும். 60 உடைய ஒளித்துகள் 30 எனப் பதிவாகும். உண்மையில் 30 உடையதும் அவ்வாறே பதிவாகும். இலக்கணம் கூறும் ‘பலபொருள் ஒருசொல்’ இதுவே. ‘மா’ என்பது மரமா விலங்கா என்பதைத் தொடர் காட்டிவிடும். தனித்த துடிப்புக்கு அத்தகைய தொடர் இல்லை.

எனவேதான் கணினிப் பாவனை தேவைப்படுகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டில், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய லாக்ஸ்பிசி எனும் மூன்று உணர்கருவிகள் உள்ளன. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செனான் மிகுந்த வாயுக்கலவை, ஏறத்தாழ இரு வளிமண்டல அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான அவற்றின் மறுமொழி, ஜியான்ட்4 நிரல்தொகுப்பின் துணையோடு கணிக்கப்பட்டது. அத்தகைய பாவனையில் ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாகக் கருவிக்குள் அனுப்பப்படுகின்றன. எங்கே உட்கவரப்பட்டது, ஒளிர்வுக் கதிர் தப்பியதா, அடுத்த அறையில் சிக்கியதா என்பவற்றைச் சமவாய்ப்பு எண்கள் தீர்மானிக்கின்றன. முடிவுகள் ஓர் அணியாகத் தொகுக்கப்படுகின்றன.

அந்த அணியைத் தலைகீழாக்கி, பதிவிலிருந்து நேரே விண்மீனின் நிறமாலையைப் பெற இயலாது. சிறு இரைச்சலும் பூதாகரமாகிவிடும். மாறாக, ஒரு நிறமாலையை ஊகித்து, அதை அணியால் பெருக்கி, கிடைப்பதைப் பதிவோடு ஒப்பிடுகின்றனர். ஆகவே அணியில் பிழை இருப்பின் அது விண்மீனின் தலையில் ஏறும்.

அதன் விளைவு சிறியதன்று. நியூட்ரான் விண்மீனின் நிறமாலையில் 35 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு பள்ளம் தென்பட்டால், அதைச் சைக்ளோட்ரான் கோடு எனக் கொண்டு, ஏறத்தாழ 3 இலட்சம் கோடி காஸ் காந்தப்புலம் என்று அறிவிக்க இயலும். ஆனால் செனானின் கே விளிம்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பாவனை அங்கே சிறிது வழுவினாலும், அணுவின் இயல்பு விண்மீனின் காந்தமாக எழுதப்பட்டுவிடும்.

கருவியும் என்றும் ஒன்றாக இருப்பதில்லை. மூன்றனுள் ஒன்றில் வாயு கசிந்தது. அடர்த்தி குறையக் குறைய, வெவ்வேறு அடர்த்திகளுக்கு வெவ்வேறு மறுமொழிகள் கணிக்கப்பட்டன. 2018 மார்ச்சில் அக்கருவி நிறுத்தப்பட்டது. ஒரே கருவியின் தரவாயினும், எந்த நாளின் தரவுக்கு எந்த நாளின் மறுமொழி என்பது முதன்மையான கேள்வியாயிற்று.

மறுமொழிக் கோப்பை மாணவர் பலர் ஒரு சொடுக்கில் இறக்கி, ஒரு வரியில் குறிப்பிட்டுக் கடந்துவிடுகின்றனர். ஆய்வேட்டின் மிகத் துணிந்த கூற்று அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. அக்கோப்பு எந்த அடர்த்தியை, எந்த நாளைக் கருதியது என்று கேட்ட பின்னரே, விண்மீன் என்ன சொன்னது என்று எழுதத் தொடங்குவது முறை.