ஊசி பிடிக்கும் கையும் பழம்பாட்டும்

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு வினா உண்டு. படத்தைப் பார்த்துத் தோன்றியதை எழுத வேண்டும். அதற்கும் நோட்ஸ் விற்கிறது. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி நாலு வரியை மனப்பாடம் செய்துகொண்டு பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இது ஆறாத வருத்தம்.

செய்யுள் ஒரு பாடம், கட்டுரை வேறொரு பாடம் என்று பிரித்து வைத்ததில்தான் கோளாறு என்பேன். பழைய புலவர்கள் பார்த்து எழுதியவர்கள். அவர்களிடம் படிக்க வேண்டியது முதலில் அந்தப் பார்வையைத்தான்.

புறநானூற்றின் 82ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடியது. மன்னன் போரிட்ட விரைவுக்கு உவமை வேண்டும். புலியையும் இடியையும் தேடிப் போகவில்லை புலவர். தோல்வாரால் கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியின் கையைப் பார்க்கிறார். ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மழை வேறு பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்தத் தவிப்பில் அவன் கை ஊசி எப்படி ஓடும்! அந்த விரைவுதான் மன்னனின் போர். எல்லாம் ஆறே அடிகள்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க உரைநூல் வேண்டியதில்லை. ஷூ கம்பெனிக்குப் போகாத அம்மாக்கள் பலர் ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’களை மூட்டையாக வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். “சார், அவன் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சானா?” என்று ஒருவன் கேட்டான். பாட்டு அதைச் சொல்லவில்லை. ஆனால் அப்படிக் கேட்கத் தெரிந்தவன் பாட்டுக்குள் போய்விட்டான்.

அந்தத் தொழிலாளியைத் தாழ்த்தும் சொல் ஒன்றும் அதே பாட்டில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகக் கூடாது. தோல் வேலை செய்பவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது வகுப்பில் பலருக்கு ஆசிரியர்களான நம்மைவிட நன்றாகவே தெரியும். கையை வியந்த புலவரும் ஆளை ஒதுக்கும் சொல்லையே எழுதினார் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள்.

பாட்டு முடிந்த கையோடு, வீட்டில் வேலை செய்யும் ஒரு கையைப் பார்த்துப் பத்து வரி எழுதி வரச் சொல்வேன். ‘உழைப்பே உயர்வு’ போன்றவை வேண்டாம் என்பது மட்டும் நிபந்தனை. ஒரு மாணவி தன் அம்மாவை எழுதினாள். இரண்டு ஊசியில் நூல் கோத்து இருபக்கமும் இழுத்து இழுத்து, விரல் மடிப்பில் நூல் அறுத்த வெடிப்பு. காரம் பட்டால் எரியும் என்று அம்மா குழம்புச் சோற்றை ஸ்பூனால் சாப்பிடுகிறாள். விருந்தாளி வந்தால் மட்டும் கையால் சாப்பிடுகிறாள். எந்த நோட்ஸிலும் இந்த வரி கிடைக்காது.

இந்த மண்ணிலேயே நமக்கு முன்னோடி இருக்கிறார். திருப்பத்தூரில் 1912இல் பிறந்த மு. வரதராசனார், தாலுகா அலுவலக எழுத்தர் வேலையை உடல்நலம் கெட்டதால் விட்டவர். தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறினார். பிறகு 1939 வரை திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். பச்சையப்பன் கல்லூரியும் துணைவேந்தர் பதவியும் அதற்கப்புறம் வந்தவை. திருக்குறளுக்கு அவர் எழுதிய தெளிவுரை இன்றும் எளிய வீடுகளில் இருக்கிறது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘அகல் விளக்கு’ நாவல் எங்கோ அல்ல, இங்கே வாலாசாவில்தான் தொடங்குகிறது. பழநூலைத் தெளிவாகச் சொல்வதும் சொந்த மண்ணை எழுதுவதும் அவருக்கு ஒரே பழக்கம். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நின்றபோது வந்த பழக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் செய்யுள் ஒட்டாது என்பவர்களுக்கு, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமானைக் காட்டுவேன். உருதுக் கவிஞரின் மகன். கஜலைத் தமிழில் எழுதியவர். முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் செய்யுளின் ஓசை அந்நியமில்லை. வாய்விட்டுப் படித்துக் காட்டினால் போதும்.

பெற்றோர் கேட்பது, மார்க் வருமா? வரும். பார்த்து எழுதப் பழகிய பிள்ளை எந்தத் தலைப்புக்கும் தடுமாறாது. ஆசிரியர்களே, திருத்தும்போது ர, ற பிழைகளைச் சிவப்பு மையில் சுழிக்கும் முன், அந்தப் பிள்ளை சொன்னதில் உங்களுக்குப் புதிதாக இருந்ததை ஓரத்தில் எழுதுங்கள். அந்த மாணவியின் நோட்டில் ஸ்பூன் வரிக்குக் கீழே கோடிட்டு, ‘இது எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன். அடுத்த வாரம் நான் கேட்காமலே இன்னொரு பக்கம் எழுதி வந்தாள், விடிகாலையில் வரும் கம்பெனி பஸ்ஸைப் பற்றி.